ஒரு மூட்டை உப்பும் ஒரு மூட்டை எரிபொருளும்

ஓசூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. இங்கே எல்லோரும் நலம். காவேரிப்பட்டினம் தோப்பில் இந்த வருஷம் பூ நன்றாகப் பிடித்தும் பிஞ்சு நிற்கவில்லை, அப்பாவுக்கு அதில் வருத்தம்.

நீ கேட்டது ஒரு வாரமாக மனசிலேயே ஓடுகிறது. 'கடல் தண்ணீரையே நாங்கள் 1000 லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் கரண்டில் குடிதண்ணீர் ஆக்குகிறோம், கடலைவிட உப்பு குறைந்த உங்கள் கம்பெனிக் கழிவுநீருக்கு எதற்கடா பாய்லர்?' நெம்மேலி கடல்நீர் ஆலையில் வேலை பார்க்கிற உனக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் உங்களுக்குப் பக்கத்திலேயே கடல் இருக்கிறது. பாதியை நல்ல தண்ணீராக எடுத்துக்கொண்டு, உப்பு இரட்டிப்பான மீதியைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுகிறீர்கள். எங்களுக்கு விட இடமில்லை. வெளியே விட்டால் தென்பெண்ணைக்குத்தான் போகும். கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் பொங்கி நிற்பதை நீயே வந்து பார்த்தாய், அதில் நாங்களும் கொண்டுபோய்க் கொட்டுவதா? அதனால் கடைசிச் சொட்டு வரைக்கும் உப்பு வேறு, தண்ணீர் வேறு என்று பிரித்தாக வேண்டும். அந்தக் கடைசிப் பங்குதான் ஆளைக் கொல்கிறது.

கணக்கைச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு நாளைக்கு 50,000 லிட்டர் வருகிறது, டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கிற உப்பு, சுமார் 8,000 (லிட்டருக்கு 8 கிராம்). பம்ப்பால் அழுத்தி மெம்பரேன் என்கிற சவ்வு வழியாகத் தள்ளுகிற ஆர்.ஓ.வை இரண்டு கட்டமாக ஓட்டினால் 44,000 லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும், அதுவரை செலவு உங்களுடையது மாதிரிதான். மிச்சம் 6,000 லிட்டருக்குள். அதில் லிட்டருக்கு 70 கிராம் உப்பு, கடலைப்போல இரண்டு மடங்கு. சவ்வு வழியாக நல்ல தண்ணீரைத் தள்ள நாம் மிஞ்ச வேண்டிய சவ்வூடு அழுத்தம் கடல் தண்ணீருக்கே 27 பார் என்பது உனக்குத் தெரியும். இது 60 பாரை நெருங்கும். சாதாரண மெம்பரேன் 70, 80 பாருக்கு மேல் தாங்காது என்பதால் அதற்குமேல் பம்ப்பால் தள்ள முடியாது. காய்ச்சித்தான் ஆக வேண்டும்.

கொதிக்கிற தண்ணீர் ஒரு லிட்டரை ஆவியாக்க மட்டும் 540 கிலோ கலோரி வேண்டும். 1000 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 600 யூனிட்டைத் தாண்டும். உங்கள் மூன்று, நான்கு யூனிட் எங்கே, இது எங்கே!

சின்ன வயசில் பாலக்கோட்டில் உன் மாமா ஆலைக்கொட்டகையில் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? கொப்பரையிலிருந்து எழும்பிய ஆவி முழுக்க வீணாகத்தான் போனது. சர்க்கரை ஆலையில் அப்படி விடமாட்டார்கள். முதல் பாத்திரத்து ஆவியால் இரண்டாவதைக் காய்ச்சுவார்கள், இரண்டாவதன் ஆவியால் மூன்றாவதை. 1840களில் அமெரிக்காவில் நார்பர்ட் ரில்லியூ என்பவர் கரும்புச்சாறுக்காகவே உருவாக்கிய முறை அது. கழிவுநீரை ஆவியாக்குகிற எங்கள் எவாப்பரேட்டரும் அதே முறைதான், மூன்று கட்டம். ஒரு டன் ஸ்டீமுக்கு இரண்டரை டன் தண்ணீர் ஆவியாகிப் போகும். ஆவியைக் கம்ப்ரஸரில் அழுத்திச் சூடேற்றித் திரும்பவும் பயன்படுத்துகிற எம்.வி.ஆர். இருந்தால் 1000 லிட்டருக்கு 20, 30 யூனிட் கரண்டில்கூட முடியும். ஆனால் உப்பு ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும், தெவிட்டிய உப்புத் தண்ணீர் 108 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், அந்த வித்தியாசத்தையும் கம்ப்ரஸர்தான் சுமக்க வேண்டும். குழாயில் ஸ்கேல் என்கிற கெட்டியான படிவு சேர்ந்து ஆசிட் வாஷுக்கு நிறுத்துகிற நாட்கள் தனி.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் ஒன்றைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன், அதுதான் இப்போது உறுத்துகிறது. பாய்லருக்குப் போகிற தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மக்னீசியத்தை, ரெசினால் பிடித்து எடுக்கிற சாஃப்ட்னர் உண்டு. ரெசின் தீர்ந்தால் உப்புத் தண்ணீர் ஓட்டித்தான் புதுப்பிக்க வேண்டும். தினம் காலையில் கடிகாரத்தைப் பார்த்து, ரெசின் தீர்ந்ததா இல்லையா என்று பார்க்காமல், இரண்டு மூட்டை உப்பைக் கரைத்து ஓட்டிவிடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் நேரே கழிவுநீர்த் தொட்டிக்கு. போன மாதம் ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மூட்டை என்பது 50 கிலோ. அது எவாப்பரேட்டருக்கு வரும்போது கூடவே 700 லிட்டர் தண்ணீரை இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த 700 லிட்டரை மூன்று கட்டத்தில் காய்ச்ச பாய்லருக்குச் சுமார் 50 கிலோ பிரிக்கெட் எரிகட்டி வேண்டும். அதாவது நாமே கொட்டுகிற ஒவ்வொரு மூட்டை உப்புக்கும் ஒரு மூட்டை எரிபொருள். நாள் முழுக்க வருகிற 400 கிலோ உப்பில் கால்வாசி இப்படி நாமே போடுவது!

மேலே சொன்னபோது, 'இத்தனை வருஷமாக இப்படித்தானே ஓடுகிறது' என்றார்கள். நான் விடவில்லை. கடினத்தன்மை டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, தினம் காலையில் பார்த்து, தேவைப்பட்டால்தான் உப்பு என்று மாற்றினோம். இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் போடுகிறோம். புது மெஷின் எதுவும் இல்லை சேகர், சொட்டு மருந்து விடுகிற மாதிரி ஒரு சின்ன பாட்டில், அவ்வளவுதான். புது எவாப்பரேட்டருக்குக் கொட்டேஷன் வாங்குகிறவர்கள் முதலில் உப்பு எங்கிருந்து உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் இப்போது என் கட்சி. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில், 2011-ல் ஹைகோர்ட் மூடச் சொன்ன பிறகு, உப்புக் கரைசலைச் சுத்தம் செய்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு ஒரே வகை உப்பு. எங்களுடையது கலப்பு உப்பு, வாங்க ஆளில்லை, மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்து, சாஃப்ட்னரிலிருந்து கடைசியாக வருகிற தெளிந்த உப்புத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து மறுநாளுக்கு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் லேபில் அதில் கால்சியம் எவ்வளவு என்று பார்த்துத் தர முடியுமா? அம்மாவைப் பார்க்க வரும்போது இரண்டு பாட்டில் சாம்பிள் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மணி