ஓடத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு றக்பிப் பந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆசிய எழுவர் றக்பித் தொடர் நடக்கிற நாட்களில் உங்கள் விளையாட்டுப் பக்கத்தை நான் கீழிருந்து மேலாகத்தான் வாசிப்பேன். பெண்களின் முடிவு ஆண்கள் போட்டிச் செய்தியின் வாலில் ஒரு வசனமாகக் கிடக்கும். யார் வென்றார்கள் என்று இருக்கும். எத்தனை புள்ளிகள், எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைத்து யார் ட்ரை எடுத்தார்கள், எங்கள் நாட்டுப் பிள்ளைகள் யாரோடு மோதினார்கள் என்பதெல்லாம் இருக்காது. றோயல், திரித்துவக் கல்லூரிகள் மோதுகிற பிரட்பி கேடயம் வருகிற கிழமையில் பாடசாலைப் பையன்களுக்கு அரைப் பக்கம் போகிறது. சரி, போகட்டும். 1945 இலிருந்து நடக்கிற போட்டி, அதற்கென்று வாசகர்கள் இருக்கிறார்கள். என் கவலை வேறு.

நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 100 மீற்றர், 200 மீற்றர் ஓடுகிற பெண்பிள்ளைகளுக்குத் திருகோணமலையில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. வலய மட்டம், மாகாண மட்டம் என்று சான்றிதழ்கள் சேரும். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஸ்பைக் சப்பாத்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். அகில இலங்கைப் போட்டியில் பதக்கம் எடுக்காத பிள்ளையை அதற்குப் பிறகு யாரும் தேடுவதில்லை. மாகாணத்தில் நாலாவதாக வந்தவள் என்ன, ஓடத் தெரியாதவளா? என்னிடம் படித்த ஒருத்தி இப்போது இங்கே ஒரு புடைவைக் கடையில் துணி அளந்து கொடுக்கிறாள். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 200 மீற்றர் வளைவில் அவள் திரும்புகிற வேகத்தைப் பார்த்தவள் நான், மனம் ஆறுமா?

எழுவர் றக்பி இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. பதினைந்து பேர் ஆடுகிற அதே மைதானத்தில் பக்கத்துக்கு ஏழு பேர்தான். ஏழு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் இடைவேளை, மறுபடி ஏழு நிமிடம். இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். ஒரே நாளில் இப்படி இரண்டு மூன்று ஆட்டம் ஆட வேண்டும். ஆள் குறைவு, இடம் அகலம். ஒருத்தி பிடி நழுவவிட்டால் அப்புறம் கோடு வரைக்கும் வெறும் புல்தான். இரு அணியும் தோளோடு தோள் முட்டிப் பந்துக்காகத் தள்ளுகிற ஸ்க்ரமில் பக்கத்துக்கு மூன்று பேர்தான் என்பதால் உடம்புப் பருமனுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ட்ரைக்கு ஐந்து புள்ளி, அதைத் தொடர்ந்த உதைக்கு இரண்டு. பதினைந்து பேர் ஆட்டத்தைப் போலப் பந்தை நிலத்தில் நிறுத்தி வைத்து நிதானமாக உதைக்கவும் இதில் முடியாது. கையிலிருந்து விழவிட்டு, நிலத்தில் பட்டு எழும்புகிற கணத்தில் உதைக்க வேண்டும்.

2018 ஒக்டோபரில் ஆசியத் தொடரின் ஒரு சுற்று கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் நடந்தது. தங்கை வீட்டில் நின்றபடியால் எனக்கும் போய்ப் பார்க்கக் கிடைத்தது. ஆட்டம் தொடங்குமுன் வெளிநாட்டுப் பிள்ளை ஒருத்தி எல்லைக் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையைச் சுற்றி பிளாஸ்டர் நாடாவை மொத்தமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். காயமாக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த தம்பி, "இல்லை அன்ரி, வெளியே போன பந்தைத் திரும்ப எறியும்போது இவவை மேலே தூக்குவினம். தூக்குகிறவைக்குப் பிடிக்க ஒரு பிடி வேணுமெல்லே" என்றார். எங்கள் கரப்பந்தாட்டப் பிள்ளைகளின் உடம்புதான் அவளுக்கும், மெலிந்து உயர்ந்தவள். ஆட்டத்தில் அவள் மேலே போய்ப் பந்தைப் பிடித்தபோது எனக்கு என் பழைய மாணவிகள் பெயர் பெயராக நினைவுக்கு வந்தார்கள்.

இந்த விளையாட்டுக்குப் பிந்தி வந்தவர்களும் வெல்லலாம். 2016 இல் றியோவில்தான் எழுவர் றக்பி முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அங்கே தங்கம் வென்ற அவுஸ்திரேலிய மகளிர் அணியில் குளோயி டால்டன் கூடைப்பந்தாட்டத்திலிருந்து வந்தவர், ஷார்லட் காஸ்லிக், விழுத்தாமல் கையால் தொட்டு நிறுத்துகிற 'டச்' விளையாட்டிலிருந்து வந்தவர். ஆசியாவில் இன்று சீனாவும் ஜப்பானும் முன்னால் நிற்கின்றன. 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இரண்டும் ஆடின. அதற்காக அந்த இரண்டுக்கும் எழுதி வைத்த ஆட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆசிய விளையாட்டு விழாவில் 2010 இல் மகளிர் எழுவர் றக்பி அறிமுகமானபோது தங்கத்தைக் கொண்டுபோனது கசகஸ்தான்.

இலங்கையில் மகளிர் றக்பியைப் பெரும்பாலும் தாங்கி நிற்பவை முப்படைகளினதும் பொலிஸினதும் அணிகள். கடற்படைத் தளம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் சீருடை போட்டால்தான் பந்து கையில் கிடைக்கும் என்றால் எங்கள் வீடுகளில் எத்தனை பேர் பிள்ளையை அனுப்புவார்கள்? காரணத்தை உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே பாடசாலையிலும் ஊர்க் கழகங்களிலும்தான் இது தொடங்க வேண்டும்.

பெற்றோர் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். பல் போகும், கை முறியும், பிறகு கலியாணம் பேச வருகிறவன் என்ன சொல்வான். அதற்குத்தான் விதி இருக்கிறது: தோளுக்கு மேலே பிடித்தால் தண்டனை உதை, மோசமென்றால் அட்டை; மஞ்சள் அட்டை என்றால் இரண்டு நிமிடம் வெளியே, ஏழு நிமிடப் பாதியில் அது சின்ன விஷயமில்லை. அடி படாத விளையாட்டு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வலைப்பந்தாட்டத்தில் முழங்கால் திரும்பிய பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவளும் நான்தான். உடுப்பைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பெண்கள் நீளமான டைட்ஸ் அணியலாம், ஆபத்தில்லாத வகையில் தலையை மூடும் துணியும் அணியலாம் என்று விளையாட்டு விதியிலேயே இருக்கிறது. கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளை இதைச் சொல்லி ஒதுக்க முடியாது.

மைதானம்தான் சிக்கல். வெயில் காலத்தில் எங்கள் மைதானங்களின் தரை காய்ந்து இறுகிக் கிடக்கும், விழுந்தால் தோல் உரியும். மெக்கெய்சர் விளையாட்டரங்கை எப்போதும் கேட்டு வாங்கவும் முடியாது. ஆனால் மே தொடங்கி செப்டெம்பர் வரை கடல் அடங்கிக் கிடக்கிற காலத்தில் உப்புவெளியிலும் டச்பேயிலும் விடியற்காலை மணல் ஈரமாக, விழத் தோதாக இருக்கும். இடுப்பில் துணிப்பட்டி செருகி, பிடித்து விழுத்துவதற்குப் பதில் பட்டியை இழுக்கிற டேக் றக்பியை அங்கே தொடங்கலாம். பட்டிக்குப் பழைய சேலை போதும். பந்துதான் வாங்க வேண்டும்.

இதில் உங்களுக்கு என்ன வேலை என்றால், வலைப்பந்தாட்ட வீராங்கனை, நெட்டையான தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தைப் பத்திரிகைகளில் பார்த்த பிறகுதான் என் வகுப்பில் உயரமான பிள்ளைகள் கூனாமல் நடக்கத் தொடங்கினார்கள். 2018 இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது வெட்டி ஒட்டிய படம் பாடசாலைச் சுவரில் நெடுநாள் இருந்தது. அடுத்த ஆசியத் தொடருக்கு முன்னர் மகளிர் குழு அட்டவணையை நேரத்தோடு போடுங்கள். இலங்கை அணி அறிவிக்கப்பட்டால் ஒவ்வொருத்தியும் எந்த மாவட்டம், இதற்கு முன் என்ன விளையாடினாள் என்று கேட்டு எழுதுங்கள். ஓட்டக்காரி ஒருத்தி அதில் இருந்தால் அதைத் தலைப்பிலேயே போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டு பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரிடம் நானே போவேன். வெறுங்கையோடு போனால் கதிரையில் இருக்கச் சொல்லித் தேநீர் தருவார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.