வளையத்தின் அடியில் நின்றவர்

அன்புள்ள கண்ணுக்கு,

சனிக்கிழமை இரவு நீ போன் செய்தபோது என்னால் சரியாகப் பேச முடியவில்லை. கூடைப்பந்தில் நம் ஸ்டேட் அணி பர்டூ பல்கலைக்கழகத்திடம் 63க்கு 50 என்று தோற்றுவிட்டது, அதற்குப் போய் எதற்கு அழுகை என்று கேட்டாய். அப்பா போனை வாங்கி, "அம்மா காலையில் பேசுவாள்" என்று வைத்துவிட்டார். காலையிலும் எனக்குப் பேச்சு வரவில்லை. இதையெல்லாம் போனில் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

தோற்றதற்காக அழவில்லை சாமி. கல்லூரிக் கூடைப்பந்தில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நம் ஸ்டேட், அப்பா படித்த நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகம், வந்து நின்றதே நாற்பத்தோரு வருடம் கழித்து இந்த முறைதான். இதற்கு முன் அவர்கள் அங்கே போனது 1983இல். அப்போது நான் இந்த ராலே நகருக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. நீ பிறக்கவில்லை. அந்த எட்டு மாதத்தைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் சொன்னதில்லை.

கோவையில் பள்ளியில் படிக்கும்போது நான்தான் வகுப்பிலேயே உயரம். அது எனக்குப் பெரிய கூச்சம். தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பேன். ஏழாம் வகுப்பில் பி.டி. டீச்சர் என்னைக் கூட்டத்திலிருந்து இழுத்துப்போய் வளையத்தின் அடியில் நிறுத்தினார். "எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நீ அது விழப்போகிற இடத்தைப் பார்" என்றார். அந்த ஒரு பாடத்தை ஆறு வருடம் சொல்லிக்கொடுத்தார். யாரோ எறிந்த பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே அது பலகையில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று என் கால்களுக்குத் தெரிந்துவிடும். பி.எஸ்.ஜி. கோப்பைப் போட்டிக்கு உன் தாத்தா என்னை வருடாவருடம் கூட்டிப்போவார். பெரிய ஆட்டக்காரர்களில் நான் பார்த்ததெல்லாம் ரீபவுண்ட் எடுப்பவர்களை, தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பவர்களைத்தான்.

கல்யாணம் நிச்சயமான வாரத்தோடு ஆட்டம் நின்றது. யாரும் தடுக்கவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் நின்றது, எனக்கும் நின்றது. 1982 ஆகஸ்டில் அப்பா ஜவுளித் தொழில்நுட்பத்தில் மேற்படிப்புக்கு ஸ்டேட்டில் சேர, நானும் கூட வந்தேன். காலையில் அவர் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் இரவுதான் வருவார். எனக்குப் படித்த ஆங்கிலம் தெரியும், இந்த ஊர்க்காரர்கள் பேசுகிற ஆங்கிலம் புரியாது. கடைக்காரர் ஒன்று கேட்பார், நான் வேறொன்றுக்குத் தலையாட்டுவேன். டிசம்பரில் நாலரை மணிக்கே வெளிச்சம் குறையத் தொடங்கிவிடும். அந்த இருட்டில் உட்கார்ந்து நான் அழுததெல்லாம் அப்பாவுக்குக்கூட முழுதாகத் தெரியாது.

அப்பாவின் நண்பர் ஒருவர் ஊருக்குப் போனதால் அவருடைய டிக்கெட் எங்களுக்குக் கிடைத்தது. ஸ்டேட் அணி ஆடும் ரெனால்ட்ஸ் அரங்கம். புடவைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். கூரையிலிருந்து இரைச்சல் அளக்கும் கருவி ஒன்று தொங்கும். கூட்டம் கத்தக் கத்த அதில் விளக்குகள் ஒவ்வொன்றாக மேலேறும். பந்து பலகைத் தரையில் மோதும் சத்தம் கேட்டதும் எனக்கு உள்ளங்கை சிவந்து குறுகுறுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மையார் ஏதோ கேட்டார், நான் பதில் சொன்னேன், அவர் திரும்பக் கேட்டார், நான் திரும்பச் சொன்னேன். எந்த வீரருக்கு எத்தனை ஃபவுல் என்பதுதான் பேச்சு. அந்த ஊரில் நான் தடுமாறாமல் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அந்த வருடத்து அணியை ஒருவரும் பெரிதாக நினைக்கவில்லை. அணியின் முக்கிய வீரர் டெரிக் விட்டன்பர்க் ஜனவரியில் பாதத்தில் எலும்பு முறிந்து பல ஆட்டங்கள் வெளியே இருந்தார். மார்ச் பிறப்பதற்குள் தோல்விகள் குவிந்துவிட்டன. அட்லாண்டாவில் நடக்கும் பிராந்தியக் கோப்பையை வென்றாலொழிய தேசியப் போட்டிக்கு வழியில்லை என்ற நிலை. முதல் ஆட்டத்தில் வேக் ஃபாரஸ்டை 71க்கு 70 என்று தாண்டினார்கள். மறுநாள் மைக்கேல் ஜோர்டன் ஆடிய இன்னொரு பல்கலைக்கழகமான நார்த் கரோலினாவைக் கூடுதல் நேரத்தில் வென்றார்கள். அதற்கு மறுநாள் ஏழடி நாலங்குல உயர ரால்ஃப் சாம்சனின் வர்ஜீனியாவை.

தேசியப் போட்டியின் முதல் சுற்றில் பெப்பர்டைனோடு ஆடியபோது முடிந்தது என்றே அப்பா எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டார். முதல் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் விட்டன்பர்க் ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணி செய்த ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத எறிதலைத் தவறவிட, கோசெல் மெக்வீன் அந்தப் பந்தைப் பிடித்துப் போட்டுச் சமன் செய்தார். இரண்டாவது கூடுதல் நேரத்தில் 69க்கு 67. அடுத்து லாஸ் வேகஸ் அணியை ஒரு புள்ளியில் வென்றார்கள், அதுவும் தவறிய பந்தைத் தர்ல் பெய்லி தட்டிப் போட்டதால். மறுபடியும் வர்ஜீனியாவோடு மோதியபோது 63க்கு 62. அந்தக் கடைசி இரண்டு புள்ளிகளை ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று போட்டவர் லொரென்சோ சார்லஸ். புரூக்ளினிலிருந்து வந்த இரண்டாம் ஆண்டு மாணவர். அதிகம் பேசாதவர் என்பார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது, ஏனென்றால் ஆட்டத்தில் அவர் வழக்கமாக நிற்கும் வளையத்தின் அடி, நான் நின்ற இடம்.

இறுதி ஆட்டம் ஏப்ரல் 4, அல்புகர்க்கியில். எதிரே ஹூஸ்டன். தொடர்ந்து 26 ஆட்டங்களை வென்று வந்த அணி. அகீம் ஓலாஜுவான், கிளைட் டிரெக்ஸ்லர் இருவரும் அதில் இருந்தார்கள். பந்தை வளையத்துக்குள் அழுத்திப் போடுவதையே தங்கள் கையெழுத்தாக வைத்திருந்தவர்கள். ஆனால் அன்று முதல் டங்க் பெய்லியுடையது! எங்கள் சின்னக் கறுப்பு வெள்ளை டிவி முன்னால் ஐந்து இந்திய மாணவர்கள், நான் கிண்டிய உப்புமா, ஒருவரும் தொடவில்லை. இடைவேளையில் ஸ்டேட் 33, ஹூஸ்டன் 25. பிறகு ஹூஸ்டன் விரட்டிப் பிடித்து ஏழு புள்ளி முன்னால் போய்விட்டது.

இங்கே ஒன்றை நீ புரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்குப் போல இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் அப்போது தேசியப் போட்டியில் கிடையாது. முன்னால் இருக்கும் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கரைக்கலாம். ஹூஸ்டனும் வேகத்தைக் குறைத்து அதைத்தான் செய்யப் பார்த்தது. அதற்கு ஸ்டேட்டின் பயிற்சியாளர் ஜிம் வால்வானோ கண்டுபிடித்த மருந்து, வேண்டுமென்றே ஃபவுல் செய்வது. ஃப்ரீ த்ரோவில் முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். முதலாவதே தவறினால் பந்து நமக்கு வரும். அவர்கள் ஃப்ரீ த்ரோவில் பலவீனமானவர்கள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். விட்டன்பர்க் தூரத்திலிருந்து இரண்டு முறை போட்டு 52க்கு 52 ஆக்கினார். ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது ஹூஸ்டனின் முதலாண்டு மாணவர் ஆல்வின் ஃபிராங்ளினை ஃபவுல் செய்தார்கள். தவறவிட்டார். பந்து நம் கையில்.

கடைசி நொடிகளை நான் பல நூறு முறை பார்த்திருக்கிறேன். பந்தைச் சுற்றிச் சுற்றிக் கைமாற்றுகிறார்கள். ஹூஸ்டனின் பென்னி ஆண்டர்ஸ் குறுக்கே கை விட்டு ஏறக்குறையப் பறித்தேவிட்டார். விட்டன்பர்க் எட்டிப் பிடித்து, முப்பது அடி தூரத்திலிருந்து, வேறு வழியில்லாமல் எறிந்தார். அறையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் எழவில்லை. பந்து கையை விட்டுக் கிளம்பியபோதே அது வளையத்தை எட்டாது என்று எனக்குத் தெரிந்தது. "குறைவு" என்று தமிழில் கத்தினேன். என் கண் பந்தை விட்டு வளையத்தின் அடிக்குப் போனது. அங்கே லொரென்சோ சார்லஸ் நின்றுகொண்டிருந்தார். ஓலாஜுவான் ஒரு கணம் எழும்பாமல் நின்றுவிட்டார். சார்லஸ் எழும்பினார், காற்றிலேயே பிடித்து உள்ளே அழுத்தினார். 54க்கு 52. நேரம் முடிந்தது.

அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தது மொத்தம் நான்கு புள்ளிகள். கட்டிப்பிடிக்க ஆள் தேடி வால்வானோ மைதானம் முழுக்க ஓடியதைத்தான் எல்லோரும் இன்றும் காட்டுகிறார்கள். எனக்கு அது இரண்டாவதுதான். அத்தனை பேரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அது விழப்போகிற இடத்தைப் பார்த்த ஒருவர் அங்கே இருந்தார். கோவையில் ஒரு பி.டி. டீச்சர் சொன்னது அல்புகர்க்கியில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அன்றிரவு வளாகத்தின் செங்கல் முற்றத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடித் தீ மூட்டி ஆடினார்கள். நானும் அப்பாவும் போனோம். முன்பின் தெரியாத பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். மறுவாரமே கடைக்குப் போய் ஒரு பந்து வாங்கினேன். வீட்டுச் சாமான் தவிர இந்த நாட்டில் நான் எனக்காக வாங்கிய முதல் பொருள்.

1992 உனக்கே நினைவிருக்கும். டியூக், கென்டக்கி கல்லூரி அணிகளின் ஆட்டம். உனக்கு எட்டு வயது நிறையவில்லை. 2.1 நொடி மிச்சம், கென்டக்கி ஒரு புள்ளி முன்னால். கிராண்ட் ஹில் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து எறிந்ததை கிறிஸ்டியன் லேட்னர் அந்தக் கோடியில் பிடித்து, ஒரு முறை தரையில் தட்டி, திரும்பிப் போட்டார். 104க்கு 103. நீ சோபாவில் ஏறிக் குதித்தாய், மறுநாளே நீலச் சட்டை கேட்டாய். அதைவிட நேர்த்தியாக ஒரு கடைசி எறிதல் இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எறிந்தவரின் எதிரே கென்டக்கி ஒருவரையும் நிறுத்தவில்லையே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. அதே ஆட்டத்தில் கீழே விழுந்து கிடந்த எதிரணிப் பையனின் நெஞ்சில் லேட்னர் கால் வைத்ததையும் நான் மன்னிக்கவில்லை. முடிந்தபின் டியூக் பயிற்சியாளர் ஷஷெவ்ஸ்கி, கென்டக்கியின் வானொலி மேசைக்குப் போய் அந்த அணியைப் புகழ்ந்துவிட்டு வந்தார். அவரைப் பற்றி நான் ஒரு சொல் குறைத்துப் பேசாததற்குக் காரணம் அதுதான்.

மறுவருடம் வால்வானோ புற்றுநோயில் போனார். நாற்பத்தேழு வயது. 2011 ஜூனில் லொரென்சோ சார்லஸ், அவருக்கும் நாற்பத்தேழுதான். இதே ராலேவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார் கண்ணு. 40ஆம் நெடுஞ்சாலையில் விபத்து. பஸ்ஸில் பயணிகள் யாரும் இல்லை. நான் வாரத்தில் எத்தனையோ நாள் போகும் சாலை. எத்தனை பஸ்களைக் கடந்து போயிருப்பேன், ஓட்டுபவர் முகத்தை ஒரு நாளாவது பார்த்திருப்பேனா! அன்று நான் சமைக்கவில்லை. அப்பா காரணம் கேட்கவில்லை, வெளியே போய் இட்லி வாங்கி வந்தார்.

இந்த மார்ச்சில் நடந்ததை நீயும் பார்த்தாய். பிராந்தியக் கோப்பையில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்றால்தான் தேசியப் போட்டிக்கு வழி. நான்காவது ஆட்டம் மறுபடியும் வர்ஜீனியா. கடைசி நொடிகளில் வர்ஜீனியா ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டது. ஃபிராங்ளின் தவறவிட்டது போலவே! நம் மைக்கேல் ஓகானல் ஓடிவந்து எறிந்தது பலகையில் பட்டு, வளையத்தில் சுற்றி, உள்ளே விழுந்தது. உனக்குப் போன் செய்து கத்தினேனே, அதுதான். பிறகு நம் அணியின் டி.ஜே. பர்ன்ஸ். அந்தக் கனத்த உடம்போடு வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, எதிராளியை மெல்ல நகர்த்தி, இடக்கையால் பூப்போல எறிகிறாரே, இன்றைக்கு அப்படி ஆட யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. டியூக்கோடு 29 புள்ளி எடுத்தார். அன்றிரவு அப்பாவும் நானும் காரை எடுத்துக்கொண்டு போய், வெற்றிக்காகச் சிவப்பாக ஒளிர்ந்த வளாக மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு வந்தோம்.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்து பர்ன்ஸ் வெளியே நடந்து போனதைப் பார்த்தபோது, எனக்குள் இருபத்தோரு வயதில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து போவது போல இருந்தது. அதற்குத்தான் அழுதேன்.

இன்னொரு விஷயம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பாப்பாவைக் கவனித்தேன். வகுப்பில் அவள்தான் உயரமாம். போட்டோவுக்கு நிற்கும்போது முழங்காலை மடக்கிக்கொள்கிறாள், தோளைக் குறுக்குகிறாள். அவளிடம் ஒன்றும் சொல்லாதே, சொன்னால் இன்னும் குறுகுவாள். கோடையில் வரும்போது இரண்டு வாரம் கூடுதலாக எங்களிடம் விட்டுவிட்டுப் போ. வண்டி நிறுத்தும் இடத்தில் அப்பா வளையம் மாட்டிவிட்டார், இப்போதைக்கு எட்டடி உயரத்தில். எனக்கு முழங்கால் வலி இருந்தாலும் பந்து எறிந்து கொடுக்க முடியும். அவள் ஷூ அளவை மட்டும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா