டம்ளருக்குள் ஓர் ஒற்றன்: டாமி ஹாண்ட்லிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டாமி ஹாண்ட்லி அவர்களுக்கு,

மூன்று ராத்திரியாக, போர்க்காலத்தில் பிபிசி ரேடியோவில் நீங்கள் நடத்திய காமெடி நிகழ்ச்சியான 'இட்மா'வின் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பாதி ஜோக் புரியவில்லை. நீங்கள் ஏதோ சொல்கிறீர்கள், அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கிறது, நான் முழிக்கிறேன். அந்த வாரத்துப் பேப்பர் படித்தவனுக்காக எழுதிய ஜோக் என்று அப்புறம்தான் உறைத்தது. உங்களுக்கு எழுதிக் கொடுத்த டெட் கவனா அன்றன்றைக்குக் கறந்து கொடுத்த பால். எண்பது வருஷம் கழித்து எடுத்துக் குடித்துவிட்டுத் திரிந்துபோச்சே என்றால் யார் தப்பு?

தலைப்பே ஹிட்லரை வைத்துத்தான். அவர் அடுத்த நாட்டின் மேல் கண் வைக்கும்போதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் 'மறுபடியும் அந்த ஆள்தான்' (It's That Man Again, சுருக்கினால் இட்மா) என்று போட, அந்தப் பட்டத்தைப் பிடுங்கி நீங்கள் சூட்டிக்கொண்டீர்கள். 1939 செப்டம்பரில் போர் வந்ததும் தியேட்டர்களை மூடிவிட்டார்கள், தெருவிளக்கும் இல்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டு உட்கார்ந்தவர்களுக்கு மிச்சம் ரேடியோதான். அதில் நீங்கள் மந்திரி! இலாகா, 'எரிச்சல் மற்றும் மர்மங்கள் அமைச்சகம்'. 1940 ஜனவரியில் ரேஷன் வந்து ஆளுக்கு வாரம் 4 அவுன்ஸ் வெண்ணெய் என்றானபோது, கூப்பனோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த இலாகாவை யாரும் அறிமுகப்படுத்தியிருக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது ஃபூன்ஃப். ஜெர்மன் ஒற்றன். ஜாக் டிரெய்ன் ஒரு கண்ணாடி டம்ளரை வாயோரம் வைத்துக்கொண்டு பேசுகிற குரல், அவ்வளவுதான் அந்த ஒற்றன். நேற்று நானும் எவர்சில்வர் டம்ளரில் பேசிப் பார்த்தேன். ஒற்றன் வரவில்லை, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புதான் வந்தது. (வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.) கண்ட இடத்தில் வாயை விடாதே, எதிரி கேட்பான் என்று அரசாங்கம் சுவரெல்லாம் படம் ஒட்டியிருந்த காலம். அப்போது ஜனங்கள் போனை எடுத்ததும் 'ஃபூன்ஃப் பேசுகிறேன்' என்று ஆரம்பித்தார்களாம்.

அப்புறம் துப்புரவுக்காரி திருமதி மாப். குரல், டோரதி சம்மர்ஸ். இந்தத் தடவை நீங்கள் மந்திரி இல்லை, மேயராக உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே வாளி மோதுகிற சத்தம், கதவு திறக்கிறது, "இப்ப உங்களைப் பெருக்கிடட்டுங்களா ஐயா?" அறையைத்தான் சொல்கிறாள் அம்மணி. முதல் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாவது தடவை வாளிச் சத்தத்துக்கே சிரித்துவிட்டேன். ஒரே வசனத்தை வாராவாரம் சொல்வது சோம்பேறித்தனம் என்று எண்ணியிருந்தேன், வாபஸ்.

இத்தனைக்கும் நீங்கள் ஓரிடத்தில் இருந்து செய்யவில்லை. லண்டனுக்கு ஆபத்து என்று பிரிஸ்டல் போனீர்கள், அங்கேயும் குண்டு விழ, 1941-இல் வேல்ஸில் உள்ள பேங்கர் என்ற ஊருக்கு.

1949 ஜனவரியில் நீங்கள் காலமானதோடு நிகழ்ச்சியையும் நிறுத்திவிட்டார்கள். வேறொருவரை உட்கார வைத்து ஓட்டவில்லை. அந்த மட்டில் பிபிசிக்கு ஒரு கும்பிடு. இன்னும் இரண்டு பதிவு பாக்கி இருக்கிறது. இந்தத் தடவை அந்த வாரத்துப் பழைய பேப்பரைத் தேடிப் படித்துவிட்டுத்தான் கேட்கப்போகிறேன்.

இப்படிக்கு,
தாமதமாக வந்து சேர்ந்த ஒரு நேயர்