சொந்தமாகக் கண்டுபிடிக்கும் திறப்பாட்டம் சோம்பலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் பள்ளிச் சதுரங்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். போட்டிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு மூன்று திறப்பாட்டங்களை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் சில நகர்த்தல்களின் வரிசைகளை, நன்றாகப் பழகியிருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால், சொந்தமாகத் திறப்பாட்டம் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் படிக்கச் சோம்பல்பட்டுச் சாக்குச் சொல்கிறவர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டாரே, அங்கேதான் உதைக்கிறது.

பட்டர்வொர்த்தில் எங்கள் வட்டாரத்து மாமாக் உணவுக்கடையில் ஞாயிறு மாலையானால் நான்கைந்து பலகைகள் விரிந்துவிடும். பலகை என்றால் சுருட்டி வைக்கிற பிளாஸ்டிக் விரிப்புதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். யாருக்கும் ரேட்டிங் (போட்டிகளில் கிடைக்கும் தரப் புள்ளி) கிடையாது. அந்தக் கிரேன் நண்பர் ஒரு சதுரங்கப் புத்தகத்தையும் தொட்டவர் இல்லை. ஆனால் அவருக்கென்று ஓர் ஆட்டம் உண்டு.

வெள்ளைக் காய் கிடைத்தால் ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். எதிராளியும் பெரும்பாலும் அதையே செய்வார். உடனே ராஜாவுக்கு முன்னால் இருப்பதையும் இரண்டு கட்டம் தள்ளி, "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தே தாரிக் தேநீரைக் கையில் எடுத்துக்கொள்வார். எதிராளி வெட்டியதும், ராஜா பக்கத்து மந்திரியின் (பிஷப்) சிப்பாயை ஒரு கட்டம் வைத்து மறுபடி வம்புக்கு இழுப்பார். அதையும் வெட்டினால் குதிரை வெளியே வந்து வெட்டும், மந்திரிகளுக்கு வழி திறக்கும், கோட்டை கட்டியதும் (ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்கி யானையை உள்ளே கொண்டுவரும் நகர்த்தல்) யானைக்கு ஒரு வரிசை கிடைக்கும். ஒரு சிப்பாய் போனது போனதுதான். அதற்குப் பதில் காய்களெல்லாம் விறுவிறுவென்று களத்தில் இறங்கிவிடும். கடையில் இதற்கு 'கிரேன் ஆட்டம்' என்றே பெயர்.

படிவம் 2 படிக்கும் ஒரு மாணவி இதற்கு மருந்து கண்டுபிடித்தாள். இரண்டாவது சிப்பாயை வெட்டாமல், தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே நிறுத்தினாள். நண்பர் ஆசையாக அதை வெட்டினார். அவள் ராணியால் ராணியை வெட்டிச் செக் வைத்தாள். ராஜாவே இறங்கித் திருப்பி வெட்ட வேண்டியதாயிற்று. கோட்டை கட்டும் உரிமை போயிற்று. தாக்குவதற்கு ராணியும் இல்லை. அதன்பிறகு கொஞ்ச நாள் அவர் அந்த ஆட்டத்தைத் தொடவில்லை. திரும்ப வந்தபோது, மந்திரியின் சிப்பாயைத் தள்ளுவதற்கு முன்னால் ராணி பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்து வைத்தார். இப்போது ராணிகள் மாறினாலும் குதிரையாலேயே திருப்பி வெட்டலாம், ராஜா இடத்தைவிட்டு அசைய வேண்டியதில்லை.

கட்டுரையாளருக்கு இது எந்த ஆட்டம் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். பிளாக்மர்-டைமர் கேம்பிட் (சிப்பாயை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து வேகம் பிடிக்கும் திறப்பாட்டத்தைக் கேம்பிட் என்பார்கள்). 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூ ஆர்லியன்ஸில் இசைப் பதிப்பகம் நடத்திய ஆர்மண்ட் பிளாக்மர் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர் சிப்பாயை உடனே தள்ளும் வடிவத்தை முன்வைத்தார். அதன் ஓட்டை எங்கள் மாணவி கண்ட அதே இடத்தில்தான் இருந்தது. குதிரையை முதலில் எடுக்கும் வடிவத்தை 20ஆம் நூற்றாண்டில் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டு பரப்பியவர் ஜெர்மனியின் எமில் டைமர். உலகம் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்ட வழியை ஒரு கிரேன் ஓட்டுநரும் ஒரு பள்ளி மாணவியும் மாமாக் கடை மேசையில் நடந்து முடித்திருக்கிறார்கள். இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரிய கிராண்ட்மாஸ்டர்கள் அந்த ஆட்டத்தை அவ்வளவாக நம்புவதில்லை என்பதும் உண்மை. அதனால் என்ன? இன்று பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் திறப்பாட்டங்களிலும் சில இப்படி வந்தவைதான். எவன்ஸ் கேம்பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1820களில் அதைக் கண்டுபிடித்தவர் வேல்ஸைச் சேர்ந்த கப்பல் கேப்டன், வில்லியம் டேவிஸ் எவன்ஸ். எதிராளியின் மந்திரிக்கு முன்னால் ஒரு சிப்பாயை இலவசமாக நீட்டி, அது வெட்டியதும் அந்த மந்திரியை விரட்டிக்கொண்டே பலகையின் நடுவைப் பிடிப்பதுதான் அவருடைய யோசனை. 1995இல் ரீகாவில் நடந்த தால் நினைவுப் போட்டியில் கஸ்பரோவ் இதைத் தூசி தட்டி எடுத்து, நம் ஆனந்தை 25 நகர்த்தலில் வீழ்த்தினார்.

இன்னொன்று. 1980இல் ஸ்வீடனின் ஸ்காரா நகரில், உலகச் சாம்பியன் கார்போவின் முதல் நகர்த்தலுக்கு இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் ராணி பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்திப் பதில் சொன்னார். ஜெயித்தும் விட்டார். பள்ளிப் போட்டியில் ஒரு பிள்ளை அப்படி ஆடியிருந்தால் பயிற்றுநர் தலையில் குட்டியிருப்பார். மைல்ஸ் கிராண்ட்மாஸ்டர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே பதிலை 1868இல் லண்டனில் ஆடி, பின்னாளில் உலகச் சாம்பியனான ஸ்டைனிட்ஸைத் தோற்கடித்தவர் பேக்கர் என்ற ஓர் அமெச்சூர். ஸ்டைனிட்ஸ் அன்று ஒரே நேரத்தில் பலருடன் ஆடிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு மறுப்புக் கடிதம் வரும்.

கட்டுரையாளர் பக்கமும் நியாயம் உண்டு. பிள்ளைகள் 'என் ஆட்டம்' என்று கொண்டுவருவதில் பாதி, ராணியைத் தூக்கிக்கொண்டு ஓடி நான்கே நகர்த்தலில் மேட் வைக்கப் பார்க்கும் பழைய தந்திரம்தான். வெள்ளைக்கு முதல் நகர்த்தலாக மொத்தம் 20 வழிகளே உண்டு; இருவரும் ஒரு முறை நகர்த்தினால் 400 நிலைகள். அந்த 400இல் யாரும் புதிதாகக் கால் வைத்துவிட முடியாது. திறப்பாட்டக் கலைக்களஞ்சியம் ஏ00 முதல் இ99 வரை 500 குறியீடுகள் போட்டு, விசித்திரமான முதல் நகர்த்தல்களையெல்லாம் ஏ00 என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறது. ஆகவே பெயர் சூட்டு விழாவுக்கு அவசரம் வேண்டாம். முதலில் பலரிடம் தோற்றுப் பார்க்கட்டும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். இப்போது ஒரு பிள்ளைக்குப் புதிதாக ஒரு யோசனை தோன்றினால், அடுத்த நிமிடமே கைப்பேசியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருளிடம் கேட்கிறது. நிலை பாதகம் என்று அது மைனஸ் போட்டு ஓர் எண் காட்டுகிறது. யோசனை அதோடு குப்பைக்குப் போகிறது. ஏன் தப்பு என்று கேட்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பத்துப் பேருடன் ஆடி, எங்கே அடி விழுகிறது என்று தானே பார்த்துவிட்டு அப்புறம் இயந்திரத்திடம் போனால் அந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் இருக்கும். பயிற்றுநர்களும் பிள்ளைகளை இந்த வரிசையில் பழக்கினால் நல்லது.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். சுவிட்சர்லாந்தின் ஹென்ரி குரோப் பல ஆண்டுகள் சூரிச் நாளிதழ் ஒன்றின் சதுரங்கப் பகுதியை நடத்தியவர். ராஜா பக்கத்துக் குதிரையின் சிப்பாயை முதல் நகர்த்தலிலேயே இரண்டு கட்டம் தள்ளும் ஆட்டத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். அந்த நாளிதழின் வாசகர்களோடு அஞ்சல் வழியாக மட்டும் அவர் 3,614 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். அவற்றில் 430 ஆட்டங்களில் வாசகர்களிடம் தோற்றும் இருக்கிறார். நம் ஞாயிறு பதிப்பில் ராசிபலனுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதி போதும். வாசகர்கள் தங்கள் சொந்தத் திறப்பாட்டத்தை முதல் எட்டு நகர்த்தல்களோடு எழுதி அனுப்பட்டும். வாரம் ஒன்றைப் படத்தோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் என்ன ஆட வேண்டும் என்று மற்ற வாசகர்கள் பதில் எழுதட்டும். அடுத்த வாரம் சிறந்த பதிலையும், அந்த ஆட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால் அதையும் வெளியிடலாம். சரிபார்க்கும் வேலையைக் கட்டுரையாளரிடமே கொடுத்துவிடுங்கள், அவர் தகுதியானவர்தான்.

கிரேன் நண்பர் தன் ஆட்டத்தை எழுதித் தரத் தயாராக இருக்கிறார். பதில் எழுதும் வாய்ப்பை மட்டும் அந்தப் படிவம் 2 மாணவிக்குக் கொடுக்கக் கூடாதாம். அவள் தன் பதிலை இப்போதே நோட்டில் எழுதி வைத்துவிட்டாள் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு