மாப்பிள்ளை சொன்ன புகாரும் உன் சைக்கிள்ல வர்ற டக் டக்கும்

பாப்பாவுக்கு,

போன்ல பேசினா பாதியிலயே "அப்பா மீட்டிங் வந்துடுச்சு"ன்னு வெச்சிடற, அதான் டைப் பண்றேன், நேரம் கிடைக்கறப்ப உக்காந்து பொறுமையா படி. முந்தாநாள் மாப்பிள்ளை கூப்பிட்டிருந்தாரு. அவரு குறை சொல்ற ஆளே இல்ல, ஆனா பேச்சுவாக்குல ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. சைக்கிள் பெட்ரூம்ல நிக்குதாம். செயின் தேய்க்கறதுக்கே வீட்ல இருந்த டூத்பிரஷ் எல்லாம் போயிடுச்சாம். கொஞ்சம் நகத்தி வெக்கலாம்னு அவரு ஹேண்டில்பார்ல கை வெச்சதுக்கு நீ சமையக்கட்டுலேர்ந்து கத்தினியாம். எல்லாத்துக்கும் மேல பால் காய்ச்சற பாத்திரத்துல பாரஃபின் மெழுகை உருக்கி அதுக்குள்ள செயினை போட்டு ஊற வெச்சியாம். அம்மா ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்தா, மெழுகு வரைக்கும் சிரிச்சிட்டு இருந்தவ பால் பாத்திரம்னதும் கப்சிப், மூஞ்சியே மாறிடுச்சு.

பஞ்சாயத்துன்னு என்கிட்ட வந்தா நான் தீர்ப்பு சொல்லித்தானே ஆகணும். பாத்திர விஷயத்துல நான் மாப்பிள்ளை பக்கம், மெழுகுக்குன்னு பழைய எலக்ட்ரிக் குக்கர் ஒண்ணு தனியா வாங்கி வெச்சுக்கோ, அம்மா வர்றப்ப அதை கண்ல காட்டாத. மத்த எல்லாத்துலயும் நான் உன் பக்கம்தான். மெழுகு ஏறின செயின் காஞ்சு இருக்கும், புழுதி ஒட்டாது, ஆயில் போட்டா ரோட்டு மண்ணு பூரா வந்து ஒட்டிக்கிட்டு உள்ளயே இருந்து பல்லை அரைச்சு எடுத்துடும். அது கிறுக்கு இல்லைன்னு அவருகிட்டயே சொல்லிட்டேன். டயர் மேல எழுதியிருக்கற பேரு கரெக்டா வால்வுக்கு நேரா வரணும்னு நீ கழட்டி கழட்டி மாட்டறியாமே, அதையும் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அதுக்கும் காரணம் இருக்கு மாப்பிள்ளை, ட்யூப்ல ஓட்டை எங்க இருக்குன்னு தெரிஞ்சா டயர்ல முள்ளு எங்க குத்தியிருக்குன்னு அளந்து கண்டுபுடிச்சிடலாம்னேன். "அப்படியா மாமா, அவ அழகுக்குன்னுல்ல சொன்னா"ங்கறாரு. நீ அழகுக்குத்தான் பண்றேன்னு எனக்கும் தெரியும், இருக்கட்டும், விட்டுக்குடுக்கல.

தொடாதேன்னு கத்தினதுக்கு அவருக்கு ஒரு கதை சொன்னேன், அவரு இருக்கற இத்தாலி நாட்டுக் கதையே அவருக்கு தெரியல பாரு. ஜினோ பார்தலின்னு ஒருத்தர், 1938லயும் 1948லயும் டூர் டி பிரான்ஸ்ங்கற பெரிய சைக்கிள் ரேஸை ஜெயிச்சவரு. நடுவுல யுத்தம், ரேஸ் கிடையாது, ஜெர்மன்காரன் இத்தாலிக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு யூதருங்களை தேடித்தேடி புடிக்கறான். இவரு ட்ரெயினிங் போறேன்னு சொல்லிட்டு ஃப்ளோரன்ஸ்லேர்ந்து அசிசி வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு வருவாரு, ஃப்ரேம் பைப்புக்குள்ள சுருட்டி வெச்சிருந்தது அந்த ஜனங்களுக்கான போலி அடையாள பேப்பர், போட்டோ. வழியில சோல்ஜர் நிறுத்தினா, எல்லாம் அளந்து செட் பண்ணது, தயவுசெஞ்சு சைக்கிள்ல கை வெக்காதீங்க, செட்டிங் போயிடும்னு சொல்லுவாராம். ரேஸ்காரன் சைக்கிளை தொடவிட மாட்டான்னு ஊருக்கே தெரியும், அதனால அவனுங்களும் விட்டுருவானுங்களாம். உசிரோட இருந்தவரைக்கும் இதை பத்தி பெருசா வாயே திறக்கல மனுஷன், 2000ல செத்துப்போனாரு, 2013லதான் இஸ்ரேல்ல இருக்கற யாத் வாஷெம்ங்கற யூதப் படுகொலை நினைவகம் அவரை கௌரவிச்சுது. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் "சரி மாமா, ஆனா இவ ஃப்ரேமுக்குள்ள என்ன வெச்சிருக்கா"ன்னாரு. நல்ல மனுஷன்டா உன் புருஷன்.

அந்த பார்தலி ஓட்டின சைக்கிளைத்தானே நாம கிசால்லோல பாத்தோம். நீ பெல்லாஜியோ பக்கமா ஏறி வர்றேன்னு காலையிலயே கிளம்பிட்ட, நானும் மாப்பிள்ளையும் மிலான்லேர்ந்து அஸ்ஸோ வரைக்கும் ட்ரெயின், அங்கேர்ந்து பஸ். 754 மீட்டர் உயரத்துல ஒரு சின்ன கோயில், நம்ம ஊர் கணக்குக்கு ரோட்டோர மாதா கோயில் அளவுதான். உள்ள போனா சுவர் பூரா, மேல வரைக்கும், சைக்கிள் சைக்கிளா தொங்குது, கோப்பி, மெர்க்ஸ்னு பெரிய ரேஸ் சாம்பியன்களோடது, ஜெயிச்சவங்க போட்ட பனியனு, செத்துப்போனவங்க போட்டோ. 1949ல போப்பாண்டவரே இந்த மாதாதான் சைக்கிள் ஓட்டறவங்களுக்கு காவல்னு அறிவிச்சிட்டாராம். அக்டோபர்ல லொம்பார்டியா ரேஸ் அந்தப் பக்கம் ஏறுச்சுன்னா மணி அடிப்பாங்கன்னு நீ சொன்னே. எனக்கு அங்க நின்னப்போ நான் வேலை பாத்த சைக்கிள் பேக்டரி ஆயுதபூஜைதான் ஞாபகம், பைப்பை பித்தளையால ஒட்டற பிரேசிங் ஷெட்ல டார்ச்சுக்கும் ஃப்ரேமை புடிக்கற ஜிக்குக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு பூசணிக்கா உடைப்போம், வெளிய ஸ்டாண்டுல எங்க சைக்கிளுக்கெல்லாம் மாலை. அவன் மாட்டி வெச்சு கும்புடறான், நாம நிறுத்தி வெச்சு கும்புடறோம்.

அங்க ஒரு நசுங்கின சைக்கிள் இருந்துச்சே, அதை மட்டும் என்னால ரொம்ப நேரம் பாக்க முடியல. காசார்தெல்லி, கோமோ பக்கத்துப் பையன், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ்ல தங்கம், 1995 டூர்ல போர்த்தே தாஸ்பே இறக்கத்துல விழுந்து போயிட்டான், 24 வயசு. அப்போ ஹெல்மெட் கட்டாயம் இல்ல, 2003லதான் கட்டாயம் ஆக்கினாங்க. நீ ஏத்தத்துல சூடா இருக்குன்னு ஹெல்மெட்டை கழட்டி ஹேண்டில்ல மாட்டிக்கறியாம், இதுவும் மாப்பிள்ளை சொன்னதுதான். இதுல நான் முழுசா அவரு பக்கம், மேல பேச்சே இல்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நீ அனுப்பின அந்த கார்பன் சைக்கிள் போட்டோ பாத்தேன். விலையையும் பாத்தேன், அந்த காசுக்கு இங்க ரெண்டு ஸ்கூட்டி எடுத்து ஒண்ணை தெருவுக்கு தானமாவே குடுத்துடலாம். காசு உன் காசு, சம்பாதிக்கற, வாங்கிக்கோ, அதுல நான் எதுவும் சொல்லல. "பழசுல சத்தம் வருதுப்பா, அதை வித்துட்டு இதை எடுக்கலாம்னு இருக்கேன்"ன்னு எழுதியிருந்த பாரு, அதுதான் எனக்கு சாப்பாடு எறங்கல.

பெட்ரூம்ல வெக்கறே, மெழுகுல குளிப்பாட்டறே, யாரையும் தொடவிடமாட்டேங்கற, ஒரு சத்தம் வந்தா எங்கேர்ந்து வருதுன்னு திறந்து பாக்க மாட்டியா? இங்கயும் பாக்கறேன், ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே ஈ.சி.ஆர்ல மகாபலிபுரம் வரைக்கும் கூட்டம் கூட்டமா போறாங்க, நல்ல பசங்க, உடம்பை நல்லா வெச்சிருக்காங்க, ஆனா பாதிப் பேரு பஞ்சர்னா ஓரமா நின்னு போன் எடுக்கறான். சைக்கிள் எடை கிராம் கணக்கு எல்லாம் மனப்பாடமா சொல்றான், ஒரு வீல் பெண்டு எடுக்கத் தெரியல.

கிராம் பேச்சு எடுத்தா நான் மெர்க்ஸைத்தான் சொல்லுவேன். 1972ல மெக்சிகோல, ஒரு மணி நேரத்துல எவ்ளோ தூரம் ஓட்டலாம்ங்கற ரெக்கார்டு, 49.431 கிலோமீட்டர், கொல்நாகோ செஞ்சு குடுத்த அந்த சைக்கிள் இரும்பு ஃப்ரேம்தான், மொத்தமே 5.75 கிலோ, செயின்லகூட ஓட்டை போட்டு எடையை குறைச்சிருந்தாங்க. இன்னிக்கு ரேஸ்ல 6.8 கிலோவுக்கு கீழ போகக்கூடாதுன்னு ரூலே இருக்கு. ஆனா அந்தாளு எடையை விட சீட்டு உயரத்துக்குத்தான் அதிகமா பைத்தியம் புடிச்சு அலைஞ்சாரு, 1969ல பிரான்ஸ்ல ப்ளுவாங்கற ஊர்ல விழுந்து இடுப்பு அடிபட்டதுலேர்ந்து உக்காரவே வசதி கிடைக்கல, ரேஸ் ஓடிட்டு இருக்கறப்பவே எல்லன் கீ எடுத்து சீட்டை ஏத்தி இறக்குவாரு. நீ ரெண்டு பாட்டில் தண்ணி நிரப்பினாலே ஒன்றரை கிலோ ஏறிடுது, அப்புறம் அரை கிலோ குறைக்கறதுக்கு அவ்ளோ காசு எதுக்குன்னு எனக்கு நெசமாவே புரியல.

உன் பழைய ஃப்ரேம் என்னன்னு தெரியுமா உனக்கு? கொலம்பஸ் எஸ்.எல்னு பைப்போட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, நான் அங்க வந்திருந்தப்பவே பாத்தேன். பைப்போட ரெண்டு முனையும் 0.9 மில்லிமீட்டர், நடுவுல 0.6தான். ஜாயிண்ட்ல சூடு தாங்கணும், முறுக்கும் அங்கதான் அதிகம், அதனால அங்க கனமா வெச்சிட்டு நடுவுல சதையை எடுத்துட்டாங்க. நகத்தால மேல் பைப்பை முனைலேர்ந்து நடுவுக்கு தட்டிக்கிட்டே வா, சத்தம் மாறும். அந்த வேலையை முதல்ல யோசிச்சது பர்மிங்காம்ல ரெனால்ட்ஸ்னு ஒருத்தர், 1897லயே. அந்த ரெனால்ட்ஸ் கம்பெனி பின்னால டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குரூப்புக்குள்ள போயிடுச்சு, அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் இங்க முருகப்பா குரூப்போட சேந்து 1949ல ஆரம்பிச்சதுதான் நம்ம அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். நாங்க பண்ணது பால்காரருக்கும் வாத்தியாருக்கும் ஹெர்குலிஸ், ஒரே கனம் உள்ள பைப்பு, மூட்டை தாங்கற சைக்கிள், ரேஸுக்கு இல்ல. ஆனா பைப்பு சேர்ற இடத்து உறை இருக்கே, அந்த லக்கை மாட்டி, சூடு செவக்க செவக்க ஏத்தி, பித்தளை உருகி இடுக்குல ஓடறதை பாக்கறது ரெண்டுலயும் ஒண்ணுதான். உன் சைக்கிள்ல லக் ஓரத்துல பாரு, கத்தியால கீறின மாதிரி மெல்லிசா முடிச்சிருக்கான். அது அரம் புடிச்ச கை. யாருன்னு தெரியாது, ஆனா அந்தாளு வேலை தெரிஞ்சவன்.

இரும்புல ஒரு சௌகரியம் என்னன்னா, உடைஞ்சாலும் சேத்துடலாம். ஒய்ஜென் கிறிஸ்தோஃப் கதை நீயே எனக்கு சொன்னதுதான், 1913 டூர்ல தூர்மலே மலை இறக்கத்துல ஃபோர்க் உடைஞ்சு, சைக்கிளை தோள்ல போட்டுக்கிட்டு 10 கிலோமீட்டருக்கு மேல நடந்து, கீழ ஊர்ல ஒரு கொல்லப்பட்டறையை புடிச்சாரு. அப்போ ரூலு, யாரும் உதவக்கூடாது. பக்கத்துல ஆபீசருங்க நின்னு காவல் காக்க, அவரே அடிச்சு பத்த வெச்சு ஒட்டினாரு, பட்டறைப் பையன் துருத்தி மிதிச்சு குடுத்தான்னு அதுக்கும் டைம் பெனால்டி போட்டானுங்க பாவிங்க. மணிக்கணக்கா பின்னாடி போயிட்டாரு, ஆனா ரேஸை முடிச்சாரு. அவரு பூட்டு வேலை கத்தவரு, அதான் கை தானா வேலை செஞ்சுது. 1919ல டூர்ல முதல் இடத்துல இருக்கறவரு போடற மஞ்ச பனியனை முதமுதல்ல போட்டதும் அவருதான், அந்த வருஷமும் கடைசிக்கு முந்தின கட்டத்துல ஃபோர்க் உடைஞ்சு மறுபடியும் பட்டறை. ஒரே மனுஷனுக்கு எவ்ளோ சோதனை! கிரேம் ஓப்ரின்னு ஸ்காட்லாந்துக்காரர் வாஷிங் மெஷின் பேரிங்கை கிராங்க் ஆக்ஸில்ல போட்டு 1993ல ஒரு மணி நேர ரெக்கார்டையே உடைச்சாரு. நான் இந்த மாதிரி ஆளுங்களைத்தான் பக்தன்னு ஒத்துப்பேன்.

இப்போ உன் சத்தத்துக்கு வர்றேன். நீ அனுப்பின வீடியோவை ஹெட்போன் போட்டு கேட்டேன், வலது பெடல் கீழ வர்றப்ப டக், ஒரு சுத்துக்கு ஒண்ணு. முதல்ல மிதிக்காம உருட்டி விட்டு பாரு, அப்பவும் வந்தா வீல்ல பிரச்சனை. வரலைன்னா எழுந்து நின்னு மிதி, நின்னா சத்தம் போயிடுச்சுன்னா சீட் போஸ்ட்டை கழட்டி துடைச்சு கிரீஸ் போட்டு மாட்டு, முடிஞ்சுது. அப்பவும் வந்தா பெடலை கழட்டி திரெட்ல கிரீஸ் தடவு, செயின் வீல் போல்ட் அஞ்சையும் இறுக்கு. அதுக்கும் மசியலைன்னா, என் சந்தேகம் அங்கதான், வலது பக்க பி.பி. கப்பு, அதாவது கிராங்க் ஆக்ஸில் சுத்தற பாட்டம் பிராக்கெட் கப்பு, லூஸ் ஆயிருக்கும். ஏன்னா நம்ம ஊர் சைக்கிள்ல பி.எஸ்.ஏங்கற இங்கிலீஷ் திரெட், வலது கப்பு எதிர்த் திரெட்டு, மிதிக்க மிதிக்க கழண்டுக்காது. இத்தாலிக்காரன் ரெண்டு பக்கமும் நேர் திரெட்டே போட்டு வெச்சிருக்கான், வலது பக்கம் மிதி மிதியா கொஞ்சம் கொஞ்சமா பின்வாங்கும். அழகா சைக்கிள் பண்ணுவான், இந்த ஒரு விஷயத்துல மட்டும் பிடிவாதம்.

அதனால முக்கியமா ஒண்ணு, யூட்யூப்ல இங்கிலீஷ் சைக்கிள் வீடியோ பாத்துட்டு வலது கப்பை எதிர்ப்பக்கமா திருப்பிடாத, இன்னும் கழண்டுடும். உனக்கு கடிகாரம் சுத்தற பக்கம்தான் டைட்டு. கிராங்க் புல்லர் வெச்சு ரெண்டு கிராங்கையும் எடு, இடது லாக் ரிங்கை கழட்டி அந்த கப்பை வெளிய எடு, ஆக்ஸிலை உருவு, பால்ஸை புடிக்கற கேஜ் இல்லாம லூஸா இருந்தா பக்கத்துக்கு 11 பால்ஸ், கால் இஞ்ச், கீழ ஒரு துணி விரிச்சுக்கோ இல்லைன்னா கட்டிலுக்கு அடியில உருண்டு போயிடும் (பெட்ரூம்ல பண்ணாத). வலது கப்பை முழுசா எடுத்து திரெட்டை பெட்ரோல்ல கழுவி, காய விட்டு, அந்த திரெட்டுக்கு மட்டும் கிரீஸுக்கு பதிலா லாக்டைட்னு திரெட் கழலாம இருக்கற பசை போட்டு பலமா இறுக்கு. பெரிய ஸ்பானர் இல்லைன்னா கப்பு ஓட்டைக்குள்ள தடிமனான போல்ட்டு, ரெண்டு பக்கமும் வாஷர், நட்டு போட்டு கப்பை கவ்வ வெச்சு அந்த போல்ட்டையே திருப்பு. மிலான்ல நாமளே போய் ரிப்பேர் பண்ணிக்கற சிக்லொஃபிச்சினா இருக்குன்னு சொன்னியே, சனிக்கிழமை அங்க எடுத்துட்டுப் போ, டூல்ஸ் எல்லாம் இருக்கும், மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போய் போல்ட்டை புடிச்சுக்கச் சொல்லு.

பால்ஸ்ல குழி விழுந்திருந்தா பழசை போடாத, புதுசு வாங்கு, காசு ரொம்ப ஆகாது. கப்போட உள்பக்கம் பால்ஸ் ஓடின தடத்தையும் கிட்ட வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பாத்துட்டு சொல்றேன். அம்மா பருப்புப்பொடி அரைச்சு வெச்சிருக்கா, யாரு வர்றாங்கன்னு சொன்னா குடுத்து விடறேன்.

அப்பா