அருவிக்கு மேலே உள்ள மலையையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. குளிக்க வருவோர் தலைக்கு மேலே தெரியும் வானத்தைப் பார்த்தே மழையைக் கணிக்கிறார்கள். ஆனால் அருவியின் போக்கைத் தீர்மானிப்பது கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதிதான், அதாவது மழைநீர் வடிந்து அருவிக்கு வந்து சேரும் நிலப்பரப்புதான். அதைக் கண்டறிய நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும், இந்திய நில அளவைத் துறையின் தலப்படம் பெரிதும் உதவும்.

இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்ற அளவிலான அந்தப் படத்தில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். ஓடை இறங்கும் பள்ளங்களில் இக்கோடுகள் கூராக வளைந்து முனையை மேட்டுப் பக்கம் நீட்டும்; முனை இறக்கத்தை நோக்கியிருந்தால் அது மலையின் கிளைமுகடு. பாறை செங்குத்தாக இறங்கும் இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அருவி விழும் புள்ளியில் தொடங்கி, இருபுறமும் முகடுகளின் வழியே பென்சிலால் கோடிழுத்து மேலே இணைத்தால், அந்த அருவிக்குத் தண்ணீர் வரும் பரப்பு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அந்தப் பரப்பின் வடிவமும் முக்கியம்: பல ஓடைகள் விசிறிபோல் வந்து ஓரிடத்தில் கூடினால், அவற்றின் வெள்ளம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கீழே வந்து சேரும், நீண்டு ஒடுங்கிய பரப்பில் அது சற்று நேரம் பிரிந்து பிரிந்து வரும்.

இப்படத்துக்கும் எல்லை உண்டு. 20 மீட்டருக்கும் குறைவான ஆழமுள்ள பாறையிடுக்கு இரு கோடுகளுக்கு நடுவே மறைந்துபோகலாம். ஆயினும் அதற்கு மேலேயுள்ள நீர்ப்பிடிப்புப் பரப்பு மறைவதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஆண்டிலோப் என்னும் மிகக் குறுகிய மலையிடுக்கில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பேரை அடித்துச்சென்ற வெள்ளம், அங்கே பெய்த மழையால் வந்ததன்று. பல கிலோமீட்டர் தொலைவில், மேற்புறத்தில் பெய்த இடிமழையே அந்த இடுக்குக்குள் இறங்கியது.

எனவே அருவிக்கரைகளில் வெறும் எச்சரிக்கைப் பலகையோடு நில்லாமல், நீர்ப்பிடிப்பு எல்லை குறித்த சமஉயரக் கோட்டுப் படத்தையும், மலைமேல் அன்று பதிவான மழையளவையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மேல்நிலைப் பள்ளிகளின் புவியியல் செய்முறை வகுப்புகளிலும், மாணவர்கள் தம் ஊருக்கு மேலேயுள்ள ஓடைகளின் தலப்படத்தையே எடுத்துப் பழக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
தென்காசி.