“வேண்டாம்” என்று சொல்லியும் கேட்காதவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது பெயரிலேயே கண் கலங்கி, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடல். யாராவது விடுபட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த மூன்று மாதத்தில் என் ஞாபகமும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது.

பலருக்கு விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். தைப்பூசம் முடிந்த மறுவாரம் என் கணவர் சிங்கப்பூரிலிருந்து அலுவலக நண்பர்கள் மூவரோடு ஜப்பானில் ஹொக்காய்டோவிலுள்ள நிசேக்கோவுக்குப் பனிச்சறுக்கு (ஸ்கீ) விளையாடப் போனார். 45 வயதில் முதல்முறையாகப் பனியைத் தொட்ட மனிதர். மூன்றாம் நாள் காலை, புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சரிவில், ஸ்கீயோடு பக்கவாட்டில் சாய்ந்து, இறுகிக் கிடந்த பனியில் தலையை இடித்துக்கொண்டார். அப்புறம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். படம்கூட எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் அடிபட்ட ஆள் என்று சொல்ல மாட்டார்கள்.

அங்கே இருந்த ஸ்கீ பேட்ரோல் (சரிவில் பாதுகாப்பைக் கவனிக்கும் குழு) இளைஞர் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. என் கணவர் “என் இடது கையுறை எங்கே?” என்று இரண்டு முறை கேட்டாராம். கையுறை கையில்தான் இருந்தது. “ஒன்றுமில்லை, நான் நன்றாக இருக்கிறேன், வேண்டாம்” என்று இவர் எவ்வளவு மறுத்தும் அந்தப் பிள்ளை காதில் வாங்காமல், சறுக்கு வண்டியில் படுக்க வைத்துக் கட்டிக் கீழே இறக்கிவிட்டார். குட்சான் ஊர் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே வாந்தி. அங்கே ஸ்கேன் எடுத்ததும், பனிச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆம்புலன்ஸில் சப்போரோவுக்கு. அன்றிரவே மூளை அறுவைச் சிகிச்சை.

சப்போரோ மருத்துவர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பிறகு எனக்கு விளக்கினார். மண்டையோட்டை ஒட்டி ஓடும் ஒரு தமனி கிழிந்து, மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் சேர்ந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட காயத்தில் சிலருக்கு விழுந்தபின் சில மணி நேரம் எல்லாம் தெளிவாக இருக்குமாம். பேசுவார்கள், நடப்பார்கள். ரத்தம் கூடி மூளையை அழுத்தத் தொடங்கும்போதுதான் சட்டென்று சரிவார்கள். நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் மோன் திராம்ப்லானில் விழுந்ததும் இதேபோலத்தான். புதியவர்களுக்கான சரிவு. வந்த ஆம்புலன்ஸைத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாளில் இறந்துபோனார். அவருக்கும் வயது 45. இதை நான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அதிகாலை மூன்று மணிக்குப் படித்தேன். அடுத்து, ஸ்கீயில் தலையில் அடிபட்ட கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பற்றித் தேடத் தொடங்கியபோது, இங்கே தாதியாக இருக்கும் என் தோழி போனிலேயே திட்டி நிறுத்தினாள். அந்தத் திட்டுக்கும் நன்றி, அக்கா.

அந்த ஸ்கீ பேட்ரோல் இளைஞரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. இந்த மடலை அவர் படிக்கவும் போவதில்லை. இருந்தாலும் முதல் நன்றி அவருக்குத்தான். அவருக்கு அடுத்து, வாடகைக் கடையில் “தலைக்கவசமெல்லாம் எதற்கு” என்ற என் கணவருக்குத் தன் காசில் ஒன்றை எடுத்து மாட்டிவிட்ட நண்பருக்கு. அது இல்லாதிருந்தால் எலும்பும் நொறுங்கியிருக்கும் என்றார் மருத்துவர்.

சரி, இங்கே நடந்ததற்கு வருகிறேன். போன் வந்தபோது நான் ஈசூன் வீட்டில் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். இரவு விமானத்துக்கு டிக்கெட் கிடைத்தது. ஆனால் உறைபனிக் குளிருக்குப் போட்டுக்கொள்ள என்னிடம் ஒரு ஸ்வெட்டர்கூட இல்லை. அதெல்லாம் நினைவிலும் இல்லை. என் அலுவலகத் தோழி ஒருத்தி சாங்கி விமான நிலையத்துக்கே வந்து, “வேண்டாம், அங்கே வாங்கிக்கொள்கிறேன்” என்று நான் சொல்லச் சொல்ல, தன் குளிர்கோட்டை என் தோளில் போட்டுவிட்டுப் போனாள். எனக்கு இரண்டு அளவு பெரியது. அதன் பையில் பழைய சோல் நகர ரயில் டிக்கெட் ஒன்றும், பாதி தின்ற இருமல் மிட்டாய்ப் பொட்டலமும் இருந்தன. சப்போரோவில் இருந்த 23 நாளும் அந்தக் கோட்டுக்குள்தான் வாழ்ந்தேன்.

23 நாள் எதற்கென்று பலர் கேட்டீர்கள். மண்டையோட்டைத் திறந்து மூடிய பிறகு உள்ளே காற்று தங்கியிருக்கலாம். விமானம் மேலே ஏறி அழுத்தம் குறையும்போது அந்தக் காற்று விரிந்தால் ஆபத்து. அது கரைந்துவிட்டது என்று ஸ்கேனில் தெரியும்வரை பறக்க விடமாட்டார்கள்.

அந்த நாள்களில் என் மகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டவர்கள் எங்கள் அடுக்குமாடி புளோக்காரர்கள். எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) தன் பேத்தியோடு சேர்த்து என் மகளையும் தினமும் பள்ளிக்குக் கூட்டிப் போனார். மாமியார் சைவம் என்பதால் தனிச் சட்டி வாங்கி, அதில் மட்டும் சமைத்துக் கொடுத்தார். “பாய்சே, கூச்சமாக இருக்கிறது, இவ்வளவு வேண்டாம்” என்று நான் போனில் சொன்னதற்கு, “உன்னிடம் யார் கேட்டது?” என்று மலாயில் ஒரு அதட்டல். சீனப் புத்தாண்டு அன்று ஐந்தாம் மாடி அங்கிள் இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு ஓர் அங் பாவை (பணம் வைத்த சிவப்பு உறை) கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே இருந்த தொகையைப் பார்த்து மாமியார் பயந்தே போனார். திருப்பிக் கொடுக்கப் போனபோது அங்கிள் கதவைத் திறக்கவில்லையாம். உள்ளே டிவி ஓடும் சத்தம் மட்டும் கேட்டதாம்!

வெளியுறவு அமைச்சின் 24 மணி நேரத் தொலைபேசியில் அந்த இரவு பேசிய அதிகாரிக்கும் நன்றி. நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் கடப்பிதழ் எண்ணைக் கேட்டார்.

காப்புறுதிக் கதை நீளம், சுருக்கிச் சொல்கிறேன். விழுந்த இடம் ஸ்கீ தளத்தின் எல்லைக் கயிற்றுக்கு உள்ளேயா வெளியேயா என்ற ஒரே கேள்வியில் ஐந்து வாரம் இழுத்தார்கள். வெளியே போய் விழுந்திருந்தால் காசு கிடையாது. சரிவின் பெயர் எழுதிய ஸ்கீ பேட்ரோல் அறிக்கையைத் தேடி வாங்கி, ஜப்பானிய மொழியிலிருந்து பெயர்த்து, நாலு முறை அனுப்பியவர் உடன் சென்ற நண்பர்களில் ஒருவர். தான்தான் இவரைக் கூட்டிப் போனோம் என்ற குற்ற உணர்வு அவருக்கு இன்னும் போகவில்லை. தம்பி, போதும். நாங்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை. அத்தையும்தான்.

இப்போது எப்படி இருக்கிறார்? நடக்கிறார். பேச்சு கொஞ்சம் மெதுவாக வருகிறது. மாலையானால் சோர்ந்துவிடுகிறார். கார் ஓட்ட இன்னும் அனுமதி இல்லை. மறுவாழ்வுப் பிரிவின் சிகிச்சையாளர் அவரைக் காப்பிக்கடைக்கு அழைத்துப் போய், ஒரு கோப்பி ஓ கொசோங், ஒரு தே சி, ஒரு மைலோ பெங் என்று மூன்று பானத்தையும் நினைவில் வைத்துச் சொல்லி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கவேண்டும் என்று பயிற்சி கொடுத்தார். முதல் தடவை மூன்றும் மைலோவாகவே வந்தது. ஆறாவது தடவை சரியாக வந்தபோது கடைக்கார ஆன்ட்டி கைதட்டினார், காசு வாங்க மறுத்தார். பயிற்சியே காசை எண்ணுவதுதான் என்று சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

வாசனை மட்டும் இன்னும் திரும்பவில்லை. தலையில் அடிபட்ட சிலருக்கு அப்படி ஆகுமாம், வரலாம், வராமலும் போகலாம். ரசம் கொதிக்கும்போது அடுப்படிக்கு வந்து நிற்கிறார். நான் ஒன்றும் கேட்பதில்லை.

வாட்ஸ்அப்பில் மூலிகை வைத்தியம் அனுப்பிய உறவினர்கள் எல்லாருக்கும் நன்றி. எதையும் கொடுக்கவில்லை, அன்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். மாமியார் அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடம் வேண்டியிருக்கிறார். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். 74 வயது. “நான் தூக்கிக்கொள்கிறேன், அம்மா வேண்டாம்” என்று மகன் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. கூட நடக்க வருகிறவர்கள் வாருங்கள்.

கடைசியாக அந்தக் கோட்டு. டிரைகிளீன் செய்து மடித்து வைத்திருக்கிறேன். ரயில் டிக்கெட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன், மிட்டாயை மட்டும் நான் தின்றுவிட்டேன். கொண்டுவரட்டுமா என்று கேட்டால், “வேண்டாம், நீயே வைத்துக்கொள், உனக்கு அவ்வளவு சிரமம் எதற்கு” என்கிறாள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வருகிறோம். வீட்டில் இரு.

அன்புடன்,
ஈசூனிலிருந்து நாங்கள் நால்வர்